ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று சொல்லாத பாட்டி உண்டா? சரிதான், ஆனால் எதைக் கொண்டு அளப்பது? அரிசிக்குப் படி இருக்கிறது, பாலுக்கு ஆழாக்கு, பூவுக்கு முழம். (பூக்காரம்மாவின் கை நீளத்தை வைத்து எங்கள் வீட்டில் நடக்கும் சண்டை தனிக்கதை.) மென்பொருளுக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு கூட்டமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் பாடத்தில் இதற்கென்று தனி யூனிட்டே உண்டு. ஃபார்முலாக்களை நெட்டுரு போட்டு, பரீட்சை ஹாலில் கொட்டிவிட்டு, வெளியே வந்ததும் மறந்துவிடுவதுதான் வழிவழியாக வரும் மரபு. நான் கொஞ்சம் அதிகமாகத் தோண்டிப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் ஃபார்முலாக்களை விட, அவற்றை வைத்துக்கொண்டு மனிதர்கள் அடித்த கூத்துதான் சுவாரசியமாக இருந்தது.

முதலில் தோன்றிய அளவுகோல் வரி எண்ணிக்கை. எத்தனை வரி நிரல் எழுதினாய்? அட்டையில் துளை போட்டு நிரல் எழுதிய காலத்தில் ஒரு அட்டைக்கு ஒரு வரி. அட்டைக்கட்டு எவ்வளவு உயரம் என்று பார்த்தாலே வேலை எவ்வளவு ஆயிற்று என்று தெரிந்துவிடும். எண்ணுவதற்கு இதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை, எல்லோரும் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். எதையாவது தேட வேண்டுமென்றால் வெளிச்சம் இருக்கிற இடத்தில்தானே முதலில் தேடுவோம்!

1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் லிசா என்ற கணினிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாராவாரம் ஒவ்வொருவரும் எத்தனை வரி எழுதினார்கள் என்று ஒரு படிவத்தில் நிரப்பித்தர வேண்டும் என்று மேலாளர்கள் உத்தரவு போட்டார்கள். அந்தக் குழுவில் பில் அட்கின்சன் என்று ஒருவர். திரையில் படம் வரையும் குவிக்டிரா என்ற பகுதியை எழுதியவர். அந்தச் சமயத்தில்தான் அவர் அதன் ஒரு முக்கியமான பகுதியை முழுவதுமாக மாற்றி எழுதியிருந்தார். ஏறக்குறைய 6 மடங்கு வேகம் கூடிவிட்டது. போனஸாக, சுமார் 2000 வரிகள் குறைந்தும் போயின. படிவத்தில் என்ன எழுதுவது? யோசித்துவிட்டு "-2000" என்று போட்டுக் கொடுத்தார். இன்னும் சில வாரங்கள் கழித்து, அவரிடம் மட்டும் படிவம் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். உடன் வேலை செய்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பதிந்து வைத்திருப்பதால் இந்தக் கதை நமக்குக் கிடைத்தது. அட்கின்சன் 2025 ஜூனில் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு "பார்த்தீர்களா, அளப்பதே முட்டாள்தனம்" என்று முடித்துவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வேலைக்குக் காசு போடுகிறவன் எவ்வளவு ஆகும், எப்போது முடியும் என்று கேட்பது நியாயமான கேள்வி. வீடு கட்டும் மேஸ்திரியிடம் நாம் கேட்பதில்லையா? மேஸ்திரி சொன்ன தேதியில் யாரும் கிரகப்பிரவேசம் செய்ததில்லை என்பது வேறு விஷயம் :-)

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முயன்றவர்களில் பாரி போம் முக்கியமானவர். 1981-இல் வந்த அவருடைய தடிமனான புத்தகத்தில்தான் கோகோமோ என்ற கணக்கு முறை வந்தது. நடந்து முடிந்த 63 திட்டங்களின் விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு சூத்திரம் கட்டினார். அதன் எளிய வடிவம் இது: சிறிய, பழகிய வகைத் திட்டம் என்றால், ஆயிரம் வரிகளில் சொன்ன அளவை 1.05 அடுக்குக்கு உயர்த்தி 2.4-ஆல் பெருக்க வேண்டும். வருவது ஆள்-மாதம். 10,000 வரி என்றால் சுமார் 27 ஆள்-மாதம். காலத்துக்குத் தனிச் சூத்திரம், அதில் போட்டால் 9 மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக மூன்று பேர், ஒன்பது மாதம். அதே 10,000 வரி விமானக் கட்டுப்பாடு போலக் கறாரான நிபந்தனைகளுக்குள் ஓட வேண்டிய மென்பொருள் என்றால் 57 ஆள்-மாதம், இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த 1.05 என்ற அடுக்கைப் பாருங்கள், அது 1 இல்லை. அளவு இரண்டு மடங்கானால் வேலை இரண்டு மடங்கை விடக் கொஞ்சம் அதிகமாகும். ஆட்கள் கூடக்கூட ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஆகும் நேரமும் கூடுகிறது. ஃபிரெட் புரூக்ஸ் ஐபிஎம்மில் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திப் பட்ட பாட்டிலிருந்து 1975-இல் இதைத்தான் புத்தகமாக எழுதினார். தாமதமாகிப் போன திட்டத்தில் புதிதாக ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்றார். வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே பழைய ஆட்களின் நேரம் போய்விடுகிறதே. ஆளையும் மாதத்தையும் பெருக்கி ஒரே அலகாக்குவதே ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி.

கோகோமோவின் பெரிய சங்கடம் வேறு. 10,000 வரி என்பதை யார் சொன்னது? எழுதி முடித்தால்தானே தெரியும்? எழுதுவதற்கு முன்னால் அதுவும் ஒரு குத்துமதிப்புதான். அது 20,000 என்று ஆகிவிட்டால் 27 போய் 56 ஆகிவிடும். ஊகத்தை ஒரு முனையில் போட்டு மறுமுனையில் தசம ஸ்தானத்தோடு விடை எடுப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனாலும் ஊகம் ஊகம்தான். ஐபிஎம்மின் ஆலன் ஆல்பிரெக்ட் 1979-இல் வரியை விட்டுவிட்டு, பயனருக்கு என்ன செய்து தருகிறது என்பதை எண்ணலாம் என்று ஃபங்ஷன் பாயிண்ட் முறையைக் கொண்டுவந்தார். எத்தனை உள்ளீடு, எத்தனை வெளியீடு, எத்தனை கோப்பு என்று எண்ணுவது. யோசனை நல்லதுதான், ஆனால் எண்ணவே பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். தாமஸ் மெக்கேப் 1976-லேயே ஒரு நிரலுக்குள் பாதை எத்தனை இடத்தில் பிரிகிறது என்று எண்ணி அதன் சிக்கலை அளக்க வழி சொன்னார். 10-க்கு மேல் போனால் உடைத்து எழுது என்பது அவருடைய யோசனை. என் அனுபவத்தில் பாடத்திலிருந்து நேரடியாக உபயோகப்பட்டது இது ஒன்றுதான்.

இனி நம்மூர் மேட்டருக்கு வருவோம். அமெரிக்க ராணுவத் துறையின் பணத்தில் 1984-இல் பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மென்பொருள் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். ஐபிஎம்மில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு அங்கே போன வாட்ஸ் ஹம்ப்ரி வகுத்த பாதையில் வந்ததுதான் சிஎம்எம் என்ற ஐந்து படி ஏணி. கீழ்ப்படியில் எல்லாம் தலைவிதி. நாலாம் படியில் எல்லாவற்றையும் எண்களால் அளக்க வேண்டும். ஐந்தாம் படியில் அந்த எண்களைக் கொண்டு செயல்முறையையே திருத்திக்கொண்டு போக வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் "நாங்கள் நம்பத் தகுந்தவர்கள்" என்று காட்ட ஒரு முத்திரை தேவைப்பட்ட நம் நிறுவனங்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐந்தாம் நிலைச் சான்றிதழ் வாங்கியவர்களில் பெரும்பங்கு இந்தியாவில்தான் இருந்தது. அதே 2000-இல் சென்னையில் ஹம்ப்ரியின் பெயரிலேயே ஒரு மென்பொருள் தரக் கழகமும் வந்தது.

முத்திரைக்காகச் செய்ததா, உண்மையிலேயே பலன் இருந்ததா என்று சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஆணி பிடுங்குவதை விட, எத்தனை ஆணி பிடுங்கினோம் என்று எழுதிவைக்கத்தான் அதிக நேரம் போனது என்று ஒருவர் சொன்னார். ஆனால் அளவீடு ஒழுங்காக வேலை செய்த ஒரு இடம் எனக்குத் தெரியும். அது நாசாவின் விண்வெளி ஓடம்.

ஓடத்தை இயக்கிய மென்பொருளை ஹூஸ்டனில் ஒரு குழு எழுதியது. முதலில் ஐபிஎம்மின் கீழ் இருந்தது, பிறகு கைமாறி லாக்ஹீட் மார்ட்டினிடம் போனது. 260 பேர். 1996-இல் ஃபாஸ்ட் கம்பெனி பத்திரிகை இவர்களைப் பற்றி எழுதியபோது, கடைசி மூன்று பதிப்புகளிலும், ஒவ்வொன்றும் 4,20,000 வரி, ஆளுக்கொரு பிழைதான் இருந்தது. அதற்கு முந்தையவற்றையும் சேர்த்துக் கடைசி 11 பதிப்புகளில் மொத்தம் 17. இரண்டு பெரிய பதிவேடுகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் ஒவ்வொரு வரியும் எப்போது, ஏன் மாறியது என்ற வரலாறு. மற்றதில் இதுவரை கண்டுபிடித்த ஒவ்வொரு பிழையின் ஜாதகம்: எப்படிப் பிறந்தது, எந்தச் சோதனையில் அகப்பட்டது, முன்னால் இருந்த சோதனைகளில் ஏன் தப்பியது. பிழை வந்தால் "யார் செய்தது" என்று கேட்க மாட்டார்கள். "நம் முறையில் எந்த ஓட்டை இதை உள்ளே விட்டது" என்றுதான் கேட்பார்கள். ஓட்டையை அடைத்துவிட்டு, அதே ஓட்டை வழியாக வேறு ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று மற்ற நிரல்களிலும் தேடுவார்கள். எண்கள் யாருடைய கழுத்துக்கும் கத்தியாக வரவில்லை, அதனால் யாரும் எதையும் மறைக்கவில்லை. (அதற்கு ஆண்டுக்கு 3.5 கோடி டாலர் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெஸ் கணக்கு மென்பொருளுக்கு இது கட்டுப்படியாகாது.)

மெஸ் என்றதும் எங்கள் கதை. போன செமஸ்டரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து விடுதி மெஸ் கணக்குக்கு ஒரு மென்பொருள் செய்தோம். குழு வேலையில் ஒருவன் உழைப்பான், மூவர் பெயர் போட்டுக்கொள்வார்கள் என்பது உலகறிந்த விஷயம். அதைத் தடுக்க எங்கள் சார் ஒரு வழி சொன்னார். கிட்டில் யார் எத்தனை கமிட் செய்திருக்கிறார்களோ அதை வைத்துத் தனித்தனி மார்க். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் இரண்டு வாரம் இது பிரமாதமாக வேலை செய்தது. கணினிப் பக்கமே வராதவர்கள்கூட உட்கார்ந்து எழுதினார்கள்.

மூன்றாவது வாரம் நம்ம பயல்களுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒரு காலி வரி சேர்த்தால் ஒரு கமிட். அதை எடுத்தால் இன்னொரு கமிட். எழுத்துப்பிழை திருத்துவதற்காகவே எழுத்துப்பிழை விட்டார்கள். பக்கத்துக் குழுவில் ஒருவன் இதற்கே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டான். (அவனுக்கு அதற்காகத் தனி மார்க் கொடுக்கலாம்.)

எங்கள் குழுவிலிருந்த நண்பன் இந்த ஆட்டத்துக்கே வரவில்லை. எங்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை இருந்தது. சில மாணவர்களுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக் கணக்கு முந்தைய மாத பில்லில் ஏறிவிடும். எல்லோருக்கும் இல்லை, எப்போதும் இல்லை. மூன்று நாள் அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி 12 மணியிலிருந்து விடியற்காலை 5.30 மணிக்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அப்படி ஆகிறது என்று கண்டுபிடித்தான். சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். ஒன்றாம் தேதி விடிகாலை அதற்கு இன்னும் முப்பதாம் தேதி. ஒரே ஒரு வரியை மாற்றினான். ஒரு கமிட். நாலு பேரில் அவனுக்குத்தான் மார்க் குறைவு.

நாங்கள் மூன்று பேரும் சாரிடம் போய்ச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றது புரியுதுப்பா. ஆனா அறுபது பேருக்கு மார்க் போடணும். நாளைக்கு யாராவது எதை வச்சுப் போட்டீங்கன்னு கேட்டா, காட்ட எனக்கு ஒரு நம்பர் வேணும்ல?" என்றார். மார்க் மாறவில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் உண்மையைச் சொன்னார். பாதி அளவீடுகள் வேலையைத் தெரிந்துகொள்ள அல்ல, நாளை கேள்வி வந்தால் தற்காத்துக்கொள்ள.

பெரியம்மா மகள் ஒரு நிறுவனத்தில் சப்போர்ட் பிரிவில் இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். "டேய், எங்க ஆபீஸ்ல ஆடு மாடு எண்ணுற மாதிரி டிக்கெட் எண்ணுறாங்கடா. கஷ்டமான டிக்கெட்டை எவனும் தொடமாட்டான். அப்ரைசல் மாசத்துல ஒரே கம்ப்ளைன்டை மூணா பிச்சுப் போட்டு மூடுவாங்க" என்றாள். "நீ என்னக்கா பண்ணுவ?" என்றேன். பதில் சொல்லாமல் அம்மா எங்கே என்று கேட்டாள் :-)

இதற்குப் பெயர் குட்ஹார்ட் விதி. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-இல் பணக்கொள்கையைப் பற்றிப் பேசும்போது சொன்னது. ஒரு எண்ணைப் பிடித்து ஆட்களை விரட்ட ஆரம்பித்தால் அந்த எண்ணும் அது காட்டிவந்த விஷயமும் தனித்தனி வழியில் போய்விடும். 1996-இல் ராபர்ட் ஆஸ்டின் எழுதிய புத்தகம் இதை இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறது. தெரிந்துகொள்வதற்காக அளப்பது வேறு, ஆட்களை முடுக்கிவிட அளப்பது வேறு. வேலையின் எல்லாப் பக்கங்களையும் அளக்க முடியாத இடத்தில், அளக்கிற பக்கத்துக்கு உழைப்பு முழுவதும் ஓடிவிடும், அளக்காத பக்கம் காய்ந்துபோகும். முதல் நோக்கத்துக்காக என்று சொல்லி எடுத்த எண் இரண்டாவதற்குப் பயன்படாது என்று ஊழியர் நம்பினால்தான் எல்லாம் சரியாக நடக்கும். எந்த ஊழியர் நம்புவார்?

2020 அக்டோபரில் இதை உலகமே பார்த்தது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்டில், திறமூல மென்பொருள்களுக்கு நாலு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். நல்ல எண்ணம்தான். ஆனால் ஓசி டி-ஷர்ட்டுக்காக விளக்கக் கோப்பில் "அருமையான புராஜெக்ட்" என்று ஒரு வார்த்தை சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பித் தள்ளிவிட்டார்கள். அனுப்பியதில் நம் நாட்டு மாணவர்கள் நிறையப் பேர். இலவசமாக உழைத்துக்கொண்டிருந்த பராமரிப்பாளர்கள் குப்பை கூட்டியே களைத்துப்போனார்கள். சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த புராஜெக்ட்டுகளுக்கு மட்டும்தான் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

அளவுகோலைச் செய்தவர்களே நொந்துகொண்ட கதைகளும் உண்டு. அஜைல் குழுக்களில் வேலையின் கனத்தைச் சொல்ல ஸ்டோரி பாயிண்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ராத்திரி பகலாக மேலாளர்கள் அதை வைத்து ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடுகிறார்கள். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கின் மூலவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், அதைக் கண்டுபிடித்தது ஒருவேளை நானாக இருக்கலாம், அப்படியானால் அதற்கு வருந்துகிறேன் என்கிற தொனியில் 2019-இல் எழுதினார்.

டாம் டிமார்கோ இன்னும் ஒரு படி மேல். அளக்காததைக் கட்டுப்படுத்த முடியாது என்று 1982-இல் புத்தகம் எழுதிப் புகழ்பெற்றவர். 2009-இல் அவரே அந்தக் கருத்தைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு திட்டங்கள், இரண்டுக்கும் செலவு 10 லட்சம் டாலர். ஒன்று தரப்போகும் பலன் 11 லட்சம், மற்றது தரப்போவது 5 கோடி. கறாரான கட்டுப்பாடு எதற்குத் தேவை? முதலாவதற்கு. ஆக, அளவீடும் கட்டுப்பாடும் உயிர்போகும் அளவுக்குத் தேவைப்படுகிற திட்டம் என்றால் அது செய்யவே லாயக்கில்லாத திட்டமாக இருக்கலாம். இதைப் படித்த அன்று பரீட்சைக்கு இதை எழுதினால் மார்க் விழுமா என்று யோசித்தேன். விழாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து ஆட்டத்தையே கலைத்துப் போட்டுவிட்டது. கூகுளில் புதிதாகச் சேரும் நிரலில் கால்வாசிக்கு மேல் இயந்திரம் எழுதி மனிதர்கள் சரிபார்ப்பது என்று 2024 அக்டோபரில் சுந்தர் பிச்சை சொன்னார். வரிகள் தண்ணீர் மாதிரி கொட்டும்போது வரியை எண்ணி என்ன செய்வது? ஆனால் அளக்காமலும் இருக்க முடியாது என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. மெட்ர் என்ற அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்டது. அனுபவமுள்ள 16 திறமூல நிரலாளர்கள், தங்களுக்கு நன்கு பழகிய மென்பொருள்களில் 246 வேலைகள். சிலவற்றுக்கு இயந்திர உதவி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஆரம்பிக்கும் முன் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று நினைத்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகச் சொன்னார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் 19 சதவீதம் அதிக நேரம் ஆகியிருந்தது! இதை எல்லோருக்கும் எல்லாக் கருவிக்கும் பொருத்திவிடக் கூடாது என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். கருவிகளும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. எனக்கு உறைத்தது அந்த 20-க்கும் 19-க்கும் நடுவே உள்ள பள்ளம். வேலையைச் செய்தவருக்கே வேகமாகச் செய்தோமா மெதுவாகச் செய்தோமா என்று தெரியவில்லை.

ஹம்ப்ரி பிற்காலத்தில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். நிறுவனத்தை விட்டுவிட்டு, தனியாள் தன் வேலையைத் தானே அளந்துகொள்ளும் முறை ஒன்றை வகுத்தார். எப்போது தொடங்கினேன், எப்போது முடித்தேன், நடுவில் எத்தனை நிமிடம் டீக்கடை, எந்தப் பிழையை எந்தக் கட்டத்தில் விட்டேன், எந்தக் கட்டத்தில் பிடித்தேன். அந்த விவரங்கள் எழுதுகிறவருக்கே சொந்தம், மேலாளர் கேட்கக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். ஏணி கட்டியவர் கடைசியில் வந்து நின்ற இடம் இது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு மாதமாக நானும் ஒரு 80 பக்க நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். நிரல் எழுத நினைக்கும் நேரம் ஓரளவு சரியாகத்தான் வருகிறது. சோதிக்க ஆகும் நேரத்தை மட்டும் பாதிக்கும் கீழாகவே போடுகிறேன், ஒவ்வொரு முறையும். மெஸ் பிழையைப் பிடித்த நண்பனும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறான். அவனுடைய கணக்கில் தேடுவதற்குத்தான் நேரம் முழுவதும் போகிறது, எழுதுவது கால்வாசிகூட இல்லை. இன்னும் சில மாதங்களில் இருவரும் வேலைக்குப் போகிறோம். அங்கே என்ன எண்ணுவார்களோ தெரியாது. அக்கா சொல்வதைப் பார்த்தால் அவனுக்காகத்தான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.